தலையாட்டாதவள்

எவ்வளவு தூரத்திலிருந்தாலும் என்னால் உதட்டில் படித்துவிட முடிகிற சொல் ஒன்று உண்டு. 'புரிஞ்சுதா?' உதடு ஒட்டிக் குவியும், விரியும், கடைசியில் தாடை இறங்கும். பஸ்ஸின் மறுகோடியில் யாரோ யாரிடமோ அதைக் கேட்டால்கூட என் தலை தானாக மேலும் கீழும் ஆடிவிடும்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் காது போனது. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பூந்தமல்லி போகும் வழியில் காது கேளாத பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கேயே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கையால் பேசப் பழகினால் வாய் பேச வராது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. மிஸ் பேசுவார், நாங்கள் அவர் உதட்டைப் பார்ப்போம். பாடம் முடிந்ததும் மிஸ் கேட்பார்: "புரிஞ்சுதா?" வகுப்பே தலையாட்டும். புரிந்ததா இல்லையா என்பது எங்களுக்கே தெரியாது. அந்தக் கேள்விக்குத் தலையாட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அவள் ஆறாம் வகுப்பில், வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்தாள். நசரத்பேட்டைக்காரி. அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள், பிறகு கூலி வேலைக்காகக் கம்பெனி வாசல்களில் நின்றவர்கள். அவள் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்களுக்குள் பெயர்கள் கையில்தான் இருக்கும். உதட்டைப் படிக்கும்போது அவள் ஒரு கண்ணை இடுக்குவாள். சுட்டுவிரலை வலது கண்ணின் ஓரத்தில் வைத்து லேசாக இழுத்தால் அது அவள். இன்றைக்கும் எனக்கு அவள் பெயர் அதுதான். எழுத்தில் எழுத வராத பெயர்.

வந்த முதல் வாரம். ஒரு வேடனைக் கரடி காப்பாற்றியதாகக் கதை. மிஸ் சொல்லி முடித்து வழக்கம்போலக் கேட்டார். எல்லாத் தலையும் ஆடியது, ஒன்றைத் தவிர. புதுப்பெண் கவனிக்கவில்லை போலும் என்று மிஸ் உதட்டைப் பெரிதாக்கி மறுபடி கேட்டார். அவள் தலையை இடமும் வலமுமாக அசைத்தாள்.

அதுவரை யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மிஸ் முகம் சிவந்தது. "இவளுக்குப் புரியலையாம். உங்களுக்கெல்லாம் புரிஞ்சுதே, எழுந்து சொல்லுங்க" என்று வரிசையாக எழுப்பினார். வேடன் கரடியைக் காப்பாற்றினான் என்றேன் நான். வேடன் கரடியைக் கொன்றான் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கரடி வேடனைத் தின்றுவிட்டதாக நடித்தே காட்டினாள். ஸ்கேல் எல்லோருடைய விரல் முட்டியிலும் விழுந்தது. தெரியாது என்று சொன்ன அவளுக்கு மட்டும் அடியில்லை.

சாயங்காலம் குழாயடியில் அவளைச் சுற்றிக்கொண்டோம். அங்கே மிஸ் இல்லை, கைகள் பறந்தன. அவள் கையால் பேசியதை அவள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவள் கையும் அப்படித்தான் பேசும்.

"நீயும் தலையாட்டினா இன்னா கொறஞ்சுபூடும்?" என்று பெரியவள் ஒருத்தி கேட்டாள்.

"எனக்குப் புரியலியே."

"எங்களுக்குந்தான் புரியல."

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "புரியலன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது? மிஸ் அடிக்கறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

நான் எழுந்து நின்று கதையைச் சொல்லும்வரை எனக்கு அது புரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. அடியைவிட அது.

அதன் பிறகு சாப்பாட்டு வரிசையில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு பாடம் முடியும்போதும் வகுப்பு முழுக்க மிஸ்ஸைப் பார்க்காமல் அவளைப் பார்த்தது. தலையாட்டு, தலையாட்டு என்று கண்ணாலேயே கெஞ்சுவோம். புரிந்த நாளில் ஆட்டுவாள். புரியாத நாளில் ஆட்டவே மாட்டாள். அவள் கழுத்து திரும்பப் போகிற அந்த நொடிக்குப் பயந்தே நான் அந்த வருஷம் பாதிப் பாடத்தைக் கவனிக்கவில்லை.

என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. அதனால் அவள் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி படிப்பாள். உள்ளங்கையால் அதை மூடிவிடுவாள். மறு கையால், தனக்குத்தானே, மூடிய வரியைச் சொல்லிப் பார்ப்பாள். கை ஓடினால் அடுத்த வரிக்குப் போவாள். எங்காவது கை அந்தரத்தில் நின்றுவிட்டால் உள்ளங்கையை எடுத்து மறுபடி முதலிலிருந்து. நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் நாலைந்து வரிதான் தாண்டியிருப்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் என் புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். 'ராமுவைச் சோமு அடித்தான்.'

"யாரு யார அடிச்சாங்க?"

"ராமு சோமுவ அடிச்சான்."

அவள் விரல் 'ராமு'வுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'வை'யில் போய் நின்றது. "வார்த்தைக்கு வால் கீது பாரு. நீ தலைய மட்டும் படிக்கற. வாலப் பாரு. வால் எவனுக்கு ஒட்டிக்கினு கீதோ அவன்தான் அடி வாங்கினவன்."

'ஐ', 'ஆல்', 'க்கு'. காது கேட்பவர்களுக்கு அவை பேச்சோடு பேச்சாக உள்ளே போய்விடும். எங்களுக்கு உதட்டிலும் சரியாகத் தெரியாது. மாடும் பாடும் உதட்டில் ஒன்றுதான், ஒருமுறை மிஸ் 'பாடு' என்றதற்கு நான் கொம்பு வைத்துக் காட்டி அடி வாங்கியிருக்கிறேன். அந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும், சிரித்துவிட்டுப் போகலாம். இந்த வால் அப்படியில்லை. அதுவரை நான் படித்த கதைகளில் அடி வாங்கிய எத்தனை பேரை அடித்தவர்களாக நினைத்திருந்தேனோ என்று புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.

"தெரிஞ்ச வார்த்த நெறைய இருந்தா புரிஞ்ச மாதிரியே இருக்கும். அதான் ஏமாத்தும்" என்பாள். "மூடிட்டு சொல்லு. கை நின்னுச்சுன்னா புரியல."

தைரியசாலி என்றுதான் அவளை நினைத்திருந்தேன். இல்லை. எங்கள் எல்லோரிலும் அதிகம் பயந்தவள் அவள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போக ஹாஸ்டல் வாசலில் அப்பாக்களுக்காகக் காத்திருந்த ஒரு காலையில் அதைச் சொன்னாள்.

"எனக்கு ஆறு வயசு இருக்கும். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு. எங்கப்பா என்னாண்ட இன்னாவோ சொன்னாரு. எதிர்ல நின்ன பஸ்ஸக் காட்டினாரு. நான் தலையாட்டினேன். அவரு பீடி வாங்கப் போனாரு. நான் போயி அந்த பஸ்ல ஏறிக்கினேன்."

காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டார்கள். யார் எது கேட்டாலும் தலையாட்டியிருக்கிறாள். அம்மாவைத் தேடறியா என்றாலும் ஆட்டினாள், தேடலியே என்றாலும் ஆட்டினாள். ஒரு ஆள் வா என்று கையைப் பிடித்தபோதும் ஆட்டினாள். அவன் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்த பூக்காரி ஒருத்தி கத்திக் கூட்டம் சேர்த்து அவளைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்கு அப்பா வந்தார்.

"அது நம்ம பஸ் இல்ல, ஏறிடாத, இங்கியே நில்லுன்னு சொன்னாராம். வந்தவரு என்னை அடிக்கல. 'தலையாட்டினியேடி, தலையாட்டினியேடி'ன்னு அழுதாரு. அத மட்டும் உதட்டுல படிச்சேன்."

சொல்லிவிட்டு அவள் கேட்டாள், எப்போதும் கேட்பதுபோல: "இப்ப நீ சொல்லு. நான் இன்னா சொன்னேன்?" நான் திரும்பச் சொல்ல வேண்டும். விட மாட்டாள். அந்த ஆள் கையைப் பிடித்த இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. "புரியலியா?" என்றாள். புரிந்ததனால்தான் நின்றது.

பத்தாவதுக்குப் பிறகு இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் சேர்ந்தோம். அவள் வீட்டிலிருந்தும் நான் குவார்ட்டர்ஸிலிருந்தும் வருவோம். வெளியுலகம் பேசுவது பள்ளிக்கூடத்து 'என்ன'வும் இல்லை, எங்கள் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சும் இல்லை. 'இன்னா', 'கீது', 'வந்துகினு' என்று உதடு எப்படி அசையும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். சூப்பர்வைசருக்கு உதட்டை மூடிய மீசை, அதன் கீழே எப்போதும் பாக்கு. அவர் எது சொன்னாலும் அவள் குரலைத் திறந்து "இன்னொரு தபா" என்பாள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் பேசும்போது மற்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "இன்னொரு தபா வருது பார்றா" என்பார்கள், அவள் எதிரிலேயே, உதடு தெரிய.

துணி அடுக்கை வெட்டுகிற மிஷினில் என்னைப் போட்ட அன்று சூப்பர்வைசர் ஏதோ சொல்லி, புரிஞ்சுதா என்றார். ஆட்டினேன். பக்கத்து மேஜையிலிருந்து அவள் எழுந்து வந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தாள்.

"ஏம்மா, எத்தினி தபா சொல்றது? அவளுக்குத்தான் புரிஞ்சிடுச்சே!" என்று அவர் எகிறினார்.

அவள் என்னைப் பார்த்துக் கையால் சொன்னாள்: "செஞ்சு காட்டு."

நான் இடது கையால் துணியை அழுத்திப் பிடித்து வலது கையால் மிஷினைத் தள்ளினேன். நின்றிருந்த பிளேடு என் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வந்து முட்டியது. சூப்பர்வைசர் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கையை எங்கே வைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்து காட்டினார். நான் அன்று முழுக்க விரல்களை மடக்கியே வைத்திருந்தேன்.

அவளுக்கு முதலில் கல்யாணம் ஆனது. பருத்திப்பட்டில் ஒரு தையல்காரர், அவருக்கும் காது கேட்காது. ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களில் காய்ச்சலில் இறந்துபோனது. அவள் வேலைக்குத் திரும்பி வந்தாள். அதைப் பற்றிக் கையைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவளுக்குக் குழந்தை நிற்கவுமில்லை.

எனக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம். என் கணவருக்கும் காது கேட்காது, அம்பத்தூரில் ஃபிட்டர். மாமியாருக்கு மட்டும் கேட்கும். கெட்டவர் இல்லை. கர்ப்பமாக இருந்தபோது எனக்காகத் தினமும் மீன் வாங்கிவந்து முள்ளெடுத்துக் கொடுத்தவர்.

பிரசவத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலி நீண்டுகொண்டே போனது. ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா காலையில் நிதானமாக உதட்டைக் காட்டிச் சொன்னார். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்று கணவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். மத்தியானம், முகத்தில் துணி கட்டிய ஒரு நர்ஸ் கட்டிலுக்கு அருகில் வந்து குனிந்தார். மாமியார் அவரிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் என்னைப் பார்த்தார். துணி அசைந்தது. புருவம் உயர்ந்தது. நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

அப்போதுதான் அவள் கஞ்சித் தூக்கோடு வார்டு வாசலில் நின்றிருப்பதைப் பார்த்தேன். நான் தலையாட்டியதை அவள் பார்த்துவிட்டாள். தூக்கை வைக்கக்கூட இல்லை. ஒரு கையாலேயே கேட்டாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஆபரேஷன் பண்ணி கொழந்தய எடுக்கப் போறாங்களாம்."

"அது உனக்குக் காலையிலயே தெரியும். இப்ப இன்னா சொன்னாங்க?"

"அதேதான்."

"மூஞ்சில துணி. உதடு எங்க தெரிஞ்சுது உனக்கு?"

வலி வந்தது. விடு என்று கையை உதறினேன். அவள் என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "நீயா நெனச்சுக்கினது வேற. அவங்க சொன்னது வேற. இன்னா சொன்னாங்க?"

நான் பார்த்தது இரண்டு கண்கள். உயர்ந்த புருவம். கேள்வி என்பது மட்டும் தெரிந்திருந்தது. எதைக் கேட்டார் என்பது தெரியவில்லை. நான் எதற்கோ சரி என்று சொல்லிவிட்டேன். எதற்கு? கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தேன், பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

அவள் ஓடிப்போய் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வார்டே திரும்பியது. அவள் கத்திக்கொண்டிருந்தாள் என்று அதில் தெரிந்துகொண்டேன். தன் வாயைத் தொட்டு, நர்ஸின் துணியைத் தொட்டு, "இன்னொரு தபா" என்றாள். நர்ஸ் எரிச்சலோடு துணியை இறக்கி வேகமாக எதையோ சொன்னார். அவள் தலையை அசைத்தாள். இடமும் வலமும். இன்னொரு தபா. நர்ஸ் மறுபடி சொன்னார். மறுபடியும் இடமும் வலமும். நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டினார்.

சுவரில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படம். நர்ஸின் விரல் அந்த முக்கோணத்திலிருந்து என் வயிற்றுக்கு வந்தது. பிறகு இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல்போல அசைத்தார்.

அதற்கு மேல் எங்களுக்கு உதடு தேவைப்படவில்லை.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு எனக்குத் தெரிகிற மாதிரியே பேசினார். "நல்லதுக்குத்தாண்டி சொன்னேன். உங்க ரெண்டு பேருக்கும் காது கேக்கல. இதுவும் அப்பிடியே பொறந்து, அடுத்ததும் அப்பிடியே பொறந்தா, நான் பூட்டப்பறம் உங்கள யாரு பாத்துப்பாங்க? நீயும் சரின்னுதானே தலையாட்டின?"

டாக்டரம்மா வந்தார். நர்ஸ் சொன்னதைக் கேட்டார். என் முகத்துக்கு நேரே நின்று, "இனிமே குழந்தை பிறக்காம இருக்க ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் என் தோழியைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேசுவாள் என்று நம்பினேன். அவள் ஓரடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டுவிட்டாள்.

டாக்டர், நர்ஸ், மாமியார், அடுத்தடுத்த கட்டில்கள். எல்லாக் கண்ணும் என் மேல். ஸ்கேலுக்கு முன்னால் நிற்பதுபோலவே இருந்தது. சும்மா விட்டால் என் தலை மேலும் கீழும் ஆடிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. கழுத்து அதற்குத் தயாராகிக்கொண்டே இருந்தது. இரண்டு கைகளாலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் திருப்பினேன். இன்னொரு முறை திருப்பினேன்.

"அது வேணாம்" என்று வாயாலும் சொன்னேன். சத்தம் வந்ததா என்று தெரியாது.

டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். "சரிம்மா. செய்ய மாட்டோம்."

மகள் பிறந்தாள். சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு மகனும். தையல்காரருக்கு ஓசூர் பக்கம் வேலை கிடைத்து என் தோழியும் கூடவே போய்விட்டாள். பொங்கலுக்கு வருவாள், பிறகு வரவில்லை, எங்கள் கம்பெனியும் இடம் மாறியது. இன்று அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஆனால் அவளை நினைத்தால் என் முன் வந்து நிற்பது மகள் பிறந்ததற்கு மறுநாள் காலைதான்.

மாமியார் காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அவளிடம் கேட்டேன், அது வேறு ஏதோ என்று உனக்கு எப்படித் தோன்றியது? உனக்கு ஏன் நேற்று அத்தனை பயம்?

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கும் ஆபரேஷன்தானே. கொழந்த போனப்பறம் இன்னொண்ணு நிக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. கருக்கொழாய அப்பவே கட்டிட்டாங்கன்னு அந்த டாக்டரு எழுதிக் காட்டினாரு. ஒவ்வொரு வாலா படிச்சேன். மூடி மூடிச் சொல்லிப் பாத்தேன். சரியாத்தான் எழுதியிருந்தாரு."

"நீ எப்படித் தலையாட்டின?" என்றேன்.

"என்னாண்ட யாரும் கேக்கவே இல்ல."

அவள் கண்ணை இடுக்கவில்லை. அழவுமில்லை. "எங்கம்மா சொன்னாங்களா, மாமியார் சொன்னாங்களா, யாருமே சொல்லாம அவங்களே பண்ணாங்களா, தெரியாது. கேட்டா எல்லாரும் நான் இல்லன்றாங்க."

மாமியார் பிளாஸ்கோடு வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா சொல்றா அவ?" என்றார். நான் வாயாலேயே சொன்னேன், துண்டு துண்டாக. அவளுக்கும் இதையே செய்துவிட்டார்கள். கேட்காமலே. இருந்த ஒரு குழந்தையும் போய்விட்டது.

என் பேச்சு அவருக்குப் பழக்கம். முழுதும் புரிந்திருக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்து காப்பியை டம்ளரில் ஊற்றினார். எனக்குத்தான் என்று கை நீட்டினேன். அவர் அதை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மாமியாரின் உதட்டையே பார்த்தாள். ஒரு கண் இடுங்கியது. "இன்னாத்துக்கு?" என்று குரலைத் திறந்து கேட்டாள்.

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவள் அவசரப்படவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாமியார் அவள் பக்கமாகத் திரும்பிச் சொன்னார். என் கட்டிலிலிருந்து அவருடைய கொண்டையும் கழுத்தும்தான் தெரிந்தன.

"இன்னொரு தபா" என்றாள் அவள்.

மாமியாரின் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. அவர் இன்னொரு முறை சொன்னார். அவள் டம்ளரை வாங்கிக் குடித்தாள்.